மாடிப்படிக்கு அடியில் அலமாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனிவீடு கட்டும்போது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. குடிவந்து ஆறு மாதத்தில் பழைய மிக்ஸி, கிழிந்த பாய், டிவி வந்த அட்டைப்பெட்டி, கொலுப்படிச் சட்டம் எல்லாம் தானாக அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம்தான் "இங்கே அளவெடுத்து ஏதாவது செய்தால் என்ன?" என்ற எண்ணம் வரும். அப்படி யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. வீட்டுக்குள் இருக்கும் கான்கிரீட் படிக்கட்டை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். சாரல் அடிக்கும் வெளிப்படிக்கட்டுக்கு இதில் பாதி பொருந்தாது.

படிக்கு அடியில் உண்மையிலேயே எவ்வளவு இடம் தேறும்?

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியும் 7 அங்குல உயரம், கால் வைக்கும் இடம் 10 அங்குலம், படியின் அகலம் 3 அடி. எட்டுப் படி ஏறினால் அடுத்துக் கால் வைப்பது லேண்டிங்கில், அதாவது படி திரும்பும் இடத்தில் வரும் சமதளத்தில். அப்படியானால் லேண்டிங்கின் மேல்தளம் தரையிலிருந்து 63 அங்குலத்தில் இருக்கும். அதில் ஸ்லாப், டைல்ஸ், பூச்சு எல்லாம் சேர்த்து 7 அங்குலம் போனால் கீழே 56 அங்குலம், அதாவது 4 அடி 8 அங்குலம் கிடைக்கும். அங்கிருந்து ஒவ்வொரு 10 அங்குலத்துக்கும் 7 அங்குலமாக உயரம் இறங்கி 80 அங்குலத்தில் தரையைத் தொட்டுவிடும். லேண்டிங்குக்கு அடியில் 3 அடி, சரிவுக்கு அடியில் 6 அடி 8 அங்குலம் என முகப்பு நீளம் மொத்தம் 9 அடி 8 அங்குலம். உங்கள் வீட்டில் எண்கள் கொஞ்சம் மாறும், கணக்கு இதேதான். கீழே வருகிற உதாரணங்களுக்கும் இந்த அளவையே வைத்துக்கொள்கிறேன்.

கேட்க நிறைய இடம் மாதிரித்தான் இருக்கும். சிக்கல் உயரத்தில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. படி 3 அடி அகலம் என்றால் அலமாரியின் ஆழமும் 3 அடி. நம் வீட்டு பீரோக்களின் ஆழம் பெரும்பாலும் 2 அடியைத் தாண்டாது. காரணம் எளிது, நின்றபடி கையை நீட்டினால் எட்டுவது அவ்வளவுதான். படிக்கு அடியில் குனிந்துகொண்டு வேறு நீட்ட வேண்டும். பின்னால் இருக்கும் ஓரடி யாருக்கும் எட்டாது. அங்கே போன பொருள் வெள்ளையடிக்கும்போதுதான் வெளியே வரும்.

கதவு போட்ட அலமாரியா, இழுக்கும் பெட்டியா?

முதலில் ஒரு காகிதத்தில் அங்கே என்னென்ன வைக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். "எல்லாம்" என்று எழுதினால் அது மறுபடியும் பழைய குப்பைக்கிடங்காகத்தான் ஆகும், கதவு மட்டும் புதிதாக இருக்கும். செருப்பு, துடைப்பம், வேக்குவம் கிளீனர், பாய் தலையணை, அரிசி மூட்டை, பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகம், கொலு பொம்மைப் பெட்டி என்று பொருள் பொருளாக எழுதி, பெரியவற்றுக்குப் பக்கத்தில் டேப் வைத்து அளவையும் குறியுங்கள். அப்புறம் பெட்டியின் அளவு தானே வந்துவிடும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். படத்தைப் பார்த்து ஐந்து சம அளவு டிராயர் செய்துவிட்டு, துடைப்பம் எதிலும் நுழையவில்லையே என்று நிற்கிறார்கள்.

என் கட்சி இது: லேண்டிங்குக்கு அடியில் கதவு, சரிவுக்கு அடியில் இழுக்கும் பெட்டி. லேண்டிங் பகுதி ஒரே உயரம், அங்கே இரட்டைக் கதவு போட்டு உள்தட்டை 2 அடி ஆழத்தோடு நிறுத்திவிடலாம். பின்னால் மிஞ்சும் ஓரடியில் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பொருளை நிறுத்தி வைக்கலாம், மடக்குக் கட்டில் மாதிரி. சரிவுப் பகுதியை 20 அங்குலம் 20 அங்குலமாகப் பிரித்தால் மூன்று பெட்டியும் ஒரு வீண் முக்கோணமும் வரும். பெட்டியின் முகப்பு சாய்வாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பெட்டி சதுரமாகத்தான் இருக்கும், ஆகவே குட்டையான பக்கத்து உயரம்தான் கணக்கு. உயரமான பெட்டிக்கு 42 அங்குலம், நடுவில் 28, கடைசிக்கு 14. முதலாவதில் நீளத் துடைப்பத்தைத் தவிர எல்லாம் நிற்கும், இரண்டாவதில் மூட்டை, பெட்டி, மூன்றாவதில் செருப்பு. துடைப்பத்தைக் கதவுப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

ஆனால் முன்னால் இடம் வேண்டும். 34 அங்குல ஆழப் பெட்டியை முழுதாக இழுத்து, அதற்கு முன்னால் ஒருவர் நிற்க 2 அடியாவது விட்டால் கிட்டத்தட்ட 5 அடி. படிக்கு எதிரே 3 அடி நடைபாதைதான் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே கதவுதான், அதிலும் பாதி ஆழத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

சேனல் போட்டாலே போதாதா? சக்கரம் எதற்கு?

சேனல் என்பது டிராயர் ஓடுவதற்குப் பக்கவாட்டில் மாட்டும் உலோகத் தண்டவாளம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டெலஸ்கோப்பிக் சேனல் 10 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை. ஒரு ஜோடி தாங்குவது 35லிருந்து 45 கிலோ. 34 அங்குலப் பெட்டிக்கு 24 அங்குல சேனல் போட்டால் பின்பக்கம் 10 அங்குலம் எப்போதும் உள்ளேயே இருக்கும், எடையும் முன்னால் தொங்கும். 42 அங்குல உயரப் பெட்டியில் நிறைய சாமானை ஏற்றி அந்த சேனலில் தொங்கவிட்டால் கொஞ்ச நாளில் முகப்பு இறங்கித் தரையை உரசும்.

சக்கரம் வைத்தால் எடை தரைக்குப் போய்விடும். நான்கு மூலையிலும் 2 அங்குல ரப்பர் சக்கரம், திரும்பாத வகை. திரும்பும் சக்கரம் போட்டால் பெட்டி கோணலாகப் போய் ஒன்றோடொன்று முட்டும். நேராகப் போக, தரையில் இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு மெல்லிய ரீப்பர் கட்டையை ஒட்டிவிட்டால் போதும். பெட்டிகளுக்கு இடையே தடுப்புப் பலகையும் தேவைப்படாது, ஒரு பலகையின் காசு மிச்சம். தரை மட்டம் சரியாக இருக்க வேண்டும், ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சரிவாக இருந்தால் பெட்டி தானாக வெளியே வந்து நிற்கும், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவர் முட்டிக்கொள்வார். அதற்கு உள்ளே ஒரு காந்தப் பூட்டு வைக்கலாம்.

கடைசிச் செருப்புப் பெட்டிக்கு மட்டும் சேனலே போதும், எடை இல்லை. சேனலுக்கு இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் இடைவெளி விட வேண்டும் என்பது எல்லா ஆசாரிக்கும் தெரியும், கவலை வேண்டாம்.

எந்தப் பலகை வாங்குவது? கடைக்காரர் 303, 710 என்கிறாரே?

இரண்டும் இந்தியத் தர நிர்ணய எண்கள். 303 என்பது வீட்டு உபயோகப் பிளைவுட். அதில் ஈரக்காற்றை மட்டும் தாங்கும் எம்.ஆர். என்ற தரமும், கொஞ்சம் தண்ணீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரமும் உண்டு. 710 என்பது மரைன் பிளைவுட். அதன் மாதிரித் துண்டை 72 மணிநேரம் கொதிநீரில் போட்டும் அடுக்கு பிரியக் கூடாது என்பது விதி. படிக்கு அடியில் சமையலறை சிங்க் மாதிரித் தண்ணீர் ஓடப் போவதில்லை, ஆகவே முழுக்க முழுக்க 710 தேவையில்லை. தரையை ஒட்டி வரும் அடிப்பலகை, சுவரை ஒட்டிய பலகை இரண்டுக்கும் 710, மற்றதற்கு பி.டபிள்யூ.ஆர். போதும். எம்.ஆர். பலகையைத் தரையோரம் போடவே போடாதீர்கள். வீடு துடைக்கும் தண்ணீரே அதற்கு எமன்.

பலகையின் ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே தெரியும் பசைக்கோடு கருஞ்சிவப்பாக இருந்தால் நல்ல பலகை என்று சொல்வார்கள். ஃபீனால் பசை அந்த நிறம்தான், உண்மை. ஆனால் சாயம் கலந்தும் அந்த நிறத்தைக் கொண்டுவரலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சிறு துண்டை வெட்டி வாங்கிவந்து பழைய பாத்திரத்தில் ஏழெட்டு மணிநேரம் கொதிக்க விடுங்கள். அடுக்கு விரிந்தால் கடையை மாற்றுங்கள்.

தடிமன் 18 மி.மீ. பொதுவாகச் சரி, பின்பலகைக்கு 6 மி.மீ. போதும். புத்தகம் அடுக்குவதாக இருந்தால் 18 மி.மீ. தட்டைக்கூட இரண்டரை அடிக்கு மேல் நீட்டாதீர்கள், நடுவில் ஒரு தாங்கல் கொடுங்கள். ஓரடி நீளத்துக்குப் புத்தகம் நிறுத்தினால் பத்து கிலோவை நெருங்கும், தட்டு வளைந்தால் வளைந்ததுதான். வெளியே 1 மி.மீ. லேமினேட் தகடு ஒட்டுங்கள், உள்ளே அதைவிட மெல்லிய வெள்ளை நிற லைனர் தகடு. உள்ளே அடர் நிறம் வேண்டாம், இருட்டில் எதுவும் தெரியாது.

தேக்கில் செய்தால் நிலைக்குமே?

நிலைக்கும். நல்ல வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் அவ்வளவு எளிதில் தொடாது. ஆனால் இன்று தேக்கு என்று சொல்லிக் கொடுப்பதில் ஓரத்து வெள்ளை நிறையச் சேர்ந்து வருகிறது, அந்த வெள்ளைப் பகுதி உளுத்துப்போகும். கன அடி கணக்கில் விற்பார்கள்: அகலம் அங்குலத்தில், தடிமன் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. வெள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, ஞாபகம் இருக்கட்டும்.

மூடிய பெட்டியின் உடம்பைத் தேக்கில் செய்வது எனக்கு வீண் செலவாகத் தெரிகிறது. முகப்புச் சட்டமும் கைப்பிடியும் மட்டும் தேக்கு, உள்ளே பிளைவுட் என்றால் பார்வைக்கும் அழகு, காசும் கட்டுப்படும். பழைய வீடு இடித்த மரம் கிடைத்தால் இன்னும் நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் பக்கம் போனால் பழைய கதவுகள், சட்டங்கள் வாங்கலாம். வாங்கியதை இழைக்கக் கொடுப்பதற்கு முன் ஆணியெல்லாம் பிடுங்கியாகிவிட்டதா என்று பாருங்கள். ஒரே ஒரு ஆணி இருந்தாலும் இழைப்பு இயந்திரத்தின் பிளேடு போச்சு, மரக்கடைக்காரர் உங்களிடம்தான் கேட்பார்.

கட்டை மரத்தில் கதவு செய்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஊதும். கோடையில் அளவெடுத்து இறுக்கமாகச் செய்த கதவு மழைக்காலத்தில் மூடாது. சுற்றிலும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி விடச் சொல்லுங்கள்.

யூபிவிசி, மல்டிவுட் எல்லாம் மலிவாக இருக்கிறதே?

இவை பிளாஸ்டிக் பலகைகள். தண்ணீரும் கரையானும் அவற்றை ஒன்றும் செய்யாது, அது பெரிய வசதி. திருகாணி பிடிமானம் பிளைவுட் அளவுக்கு வராது. இழுத்து இழுத்து மூடும் கனமான பெட்டிக்குச் சரிப்படாது. செருப்பு ரேக்குக்கும் லேசான பொருள் வைக்கும் கதவு அலமாரிக்கும் தாராளமாகப் போடலாம்.

கரையானும் ஓதமும்?

வேலை ஆரம்பிப்பதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான், ஏனென்றால் பெட்டி வந்த பிறகு அந்தச் சுவரைப் பார்க்கவே முடியாது. சுவரின் அடியில் பெயிண்ட் பொரிந்திருக்கிறதா, மண்கோடு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சில வீடுகளில் படிக்குப் பின்பக்கமே குளியலறை இருக்கும், அந்தச் சுவரில் ஓதம் இருந்தால் குழாய் வேலையை முடித்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே ஆசாரியைக் கூப்பிடுங்கள். எவ்வளவு நல்ல பலகையும் நனைந்த சுவரோடு ஒட்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த சுவருக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஓர் அங்குலம் விடுவது நல்லது.

கரையான் மருந்துக்குச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஏறக்குறைய ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்தை உள்ளே இறக்கி அடைப்பார்கள். பலகை மீது மட்டும் தெளித்துவிட்டு "முடிந்தது சார்" என்றால் அது பாதி வேலை, கரையான் வருவது மண்ணிலிருந்து.

கதவு அலமாரிக்கு அடியில் 4 அங்குலத் திண்டு கட்டி, டைல்ஸ் ஒட்டி, அதன் மேல் பெட்டியை உட்கார வையுங்கள். சக்கரப் பெட்டிக்குத் திண்டு வைக்க முடியாது, அதனால் முகப்புப் பலகையைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி நிறுத்தி, நான்கு ஓரமும் பிவிசி எட்ஜ் பேண்ட் என்ற பிளாஸ்டிக் பட்டையை ஒட்டச் சொல்லுங்கள். அடி ஓரம் யாருக்கும் தெரியாது என்று அதை மட்டும் விட்டுவிடுவது வழக்கம். துடைக்கும் தண்ணீர் போவது அந்த ஓரத்தில்தான், குனிந்து கைவைத்துத் தடவிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

அளவை எப்படி எடுப்பது?

ஆசாரி எடுப்பார், ஆனாலும் நீங்களும் எடுத்து வைத்திருங்கள். அடி, அங்குலம், நூல் என்றுதான் அவர் சொல்வார், எட்டு நூல் ஓர் அங்குலம். லேமினேட், பிளைவுட் தடிமன் மட்டும் மில்லிமீட்டரில் வரும். இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதினால் குழப்பம் நிச்சயம்.

படியின் அடிப்பக்கப் பூச்சு எங்கேயும் ஒரே மட்டமாக இருக்காது. முன்பக்கம், நடு, சுவரோரம் மூன்று இடத்திலும் உயரம் பாருங்கள், இருப்பதில் குறைந்ததுதான் உங்கள் அளவு. சாய்வைக் கோணமாக அளக்க முயல வேண்டாம். பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, அந்த இடத்தில் நிறுத்தி, சாய்வுக்கு ஏற்ப வெட்டி, பொருந்தும்வரை சீவி, அந்த அட்டையையே வெட்டும் இடத்துக்குக் கொடுத்து அனுப்புங்கள். தரையும் சுவரும் செங்கோணமா என்று தெரிய, மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும்.

முழுக்க ஒட்டினாற்போல் செய்யவும் கூடாது. மேலே அரை அங்குலம் விட்டுவிட்டு, கடைசியில் பீடிங் என்ற மெல்லிய மரப்பட்டையை அடித்து மறைத்தால் பூச்சின் மேடுபள்ளம் தெரியாது.

படிக்கட்டு ஸ்லாபின் அடியில் துளை போட்டு மாட்டலாமா?

தவிர்க்கலாம். ஸ்லாபின் கம்பி அடிப்பக்கத்தில்தான் போகிறது, அதை மூடியிருக்கும் கான்கிரீட் முக்கால் அங்குலம்தான். ஆழமாகத் துளைத்தால் கம்பியில் இடிக்கும், இல்லையென்றால் ஈரம் கம்பிவரை போக வழி திறந்துவிடும். பெட்டியைத் தரையிலும் பக்கச் சுவரிலும் பிடித்தால் போதும். லைட் ஒயர் மாதிரி லேசானதை மட்டும் சின்ன கிளிப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி, கேஸ் சிலிண்டர் இரண்டையும் உள்ளே தள்ளிவிடலாமா?

சிலிண்டர் கூடாது. கசிந்தால் அந்த வாயு காற்றைவிடக் கனம், மேலே போகாமல் மூடிய பெட்டிக்குள் தரையோடு தேங்கி நிற்கும். மாடியில் இருப்பவர்கள் இறங்கி ஓட அந்த ஒரே படிதான் வழி என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பேட்டரி வைக்கலாம், நிபந்தனையோடு. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அது போக வழி வேண்டும். கதவின் கீழும் மேலும் காற்றுப்போக்கு இருக்க வேண்டும், சும்மா பெயருக்கு நாலு துளை போதாது, ஜாலிக் கதவே போடுங்கள். பேட்டரிக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டால்தான் தண்ணீர் ஊற்ற முடியும். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், அதற்கென்று விற்கும் சக்கர ஸ்டாண்டில் வையுங்கள். அதே அறையில் துணி வைக்காதீர்கள். அமிலக் காற்றில் கீலும் சேனலும்கூடத் துருப்பிடிக்கும், ஆகவே நடுவில் முழுத் தடுப்பு வேண்டும்.

கூலியை எப்படிப் பேசுவது?

சதுர அடிக் கணக்கில்தான் பேசுவார்கள், முகப்பின் நீள அகலத்தை வைத்து. இங்கேதான் கவனம் வேண்டும். நம் உதாரணத்தில் 116 அங்குலத்தை 56 அங்குலத்தால் பெருக்கினால் 45 சதுர அடி. ஆனால் சரிவுப் பகுதி முக்கோணம். அதைப் பாதியாகப் போட்டு லேண்டிங் பகுதியைச் சேர்த்தால் உண்மை முகப்பு 30 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றில் ஒரு பங்கு காற்றுக்குக் கூலி கொடுப்பதா? மறுபக்கம், சாய்வு வெட்டில் வேலையும் சேதாரமும் அதிகம், ஆழம் வேறு 3 அடி என்று ஆசாரி சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. சதுர அடியை விட்டுவிட்டு மொத்த வேலைக்கு ஒரு தொகை பேசிவிடுவதுதான் இருவருக்கும் நிம்மதி.

பலகையை நீங்களே வாங்கித் தருவதானால், வெட்டுப் பட்டியலை முதலில் வாங்குங்கள். 8 அடிக்கு 4 அடி பலகையில் எது எங்கே வெட்டப்படும் என்று வரைந்து பார்த்தால் இந்த அளவு வேலை ஐந்து, ஆறு பலகையில் அடங்கும். பத்து கேட்டால் ஏன் என்று கேளுங்கள். கடைசித் தவணையை, கதவெல்லாம் கீல் சரிசெய்து, பெட்டிகளில் சாமானை ஏற்றி ஒரு வாரம் இழுத்துப் பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் பெட்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

பூஜை அறை வைக்கலாமா? வாஸ்துப்படி?

வாஸ்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் கூடாது என்பார்கள், மேலே மிதித்து நடக்கிறோமே என்று பெரியவர்களும் சொல்வார்கள். வீட்டில் ஒருவர் மனம் ஒப்பாவிட்டாலும் விட்டுவிடுங்கள். எனக்கு இருக்கும் ஆட்சேபம் வேறு: தாழ்வான மரப்பெட்டிக்குள் விளக்கு ஏற்றுவது.

வாடகை வீட்டில் செய்தால் வீணாகிவிடாதா?

சாய்வு முகப்பு செய்தால் வீண்தான், அடுத்த வீட்டுப் படி வேறு கணக்கு. நேர்மட்டமான சக்கரப் பெட்டிகளை 14, 28, 42 அங்குல உயரத்தில் தனித்தனியாகச் செய்து படிக்கு அடியில் தள்ளிவிடுங்கள், மேலே தெரியும் முக்கோண இடைவெளியைத் திரைச்சீலை மறைக்கும். காலி செய்யும்போது பெட்டியோடு சாமானும் வண்டியில் ஏறும், புது வீட்டில் படியே இல்லாவிட்டாலும் ஜன்னலோரம் போட்டுக்கொள்ளலாம்.

கடைசி 20 அங்குல முக்கோணத்தை என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள், ஒரு பலகை வைத்து மூடிவிடுங்கள். அதில் குட்டி டிராயர் செய்வதற்கு ஆகும் கூலிக்கு அதற்குள் வைக்கும் பொருளை இரண்டு முறை வாங்கலாம். அந்தப் பலகையை ஆணி அடித்து மூடாமல் திருகாணியில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், கரையான் ஆள் வந்தால் கழற்றிப் பார்க்கட்டும். வீட்டில் நாய்க்குட்டி இருந்தால் முக்கோணத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய செருப்புப் பெட்டி இடத்தைத் திறந்து கொடுங்கள். செருப்பை வேறு எங்காவது உயரத்தில் வைக்க வேண்டிவரும், எப்படியும் கடித்துத்தான் வைத்திருக்கும்.